பாலைவனத்து வெண்புறாவைப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

சென்ற இதழில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகருக்குத் தெற்கே நிற்கும், ‘பாலைவனத்து வெண்புறா’ என்று அழைக்கப்படும் சான் ஹவியேர் டெல் பாக் என்னும் ஸ்பானியக் காலத்து மிஷன் (சமயம் பரப்பும் நிலையம்) ஆலயத்தின் படம் ஒன்றை வெளியிட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு அங்கே செல்லவும் படம் எடுக்கவும் விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஃபீனிக்ஸ் நகரில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க டிசம்பர் மாதம் செல்கிறோம். இந்த ஆலயத்துக்காக ஒரு நாளை ஒதுக்கலாமா? எப்படிப் போவது?

தாராளமாக ஒதுக்கலாம், டிசம்பர் மாதம் என்பது உங்களுக்கு வாய்த்த நல்ல காலமும்கூட. ஏன் என்பதைப் படம் எடுப்பது பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லும்போது விளக்குகிறேன். ஃபீனிக்ஸிலிருந்து டூசான் ஏறத்தாழ 180 கி.மீ. அங்கிருந்து 19-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கி 15 கி.மீ. அளவில் சென்றால் 92-ஆம் எண் வெளிவழி வரும். அமெரிக்காவெங்கும் மைல் கணக்கில் திணறும் நம்மவர்களுக்கு இந்தச் சாலை ஓர் ஆறுதல், ஏனென்றால் இதன் தொலைவுப் பலகைகள் கிலோமீட்டரில் எழுதப்பட்டுள்ளன. அந்த 92 என்ற எண்ணே மெக்சிகோ எல்லையிலுள்ள நொகாலெஸிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதைத்தான் குறிக்கிறது. ஆனால் வேக வரம்பு மட்டும் மைலில்தான் இருக்கும் என்பதை வண்டி ஓட்டுபவரிடம் சொல்லி வையுங்கள்.

நுழைவுக் கட்டணம் இல்லை. பராமரிப்புக்காக விரும்பியதைக் காணிக்கையாகப் போடலாம். இது அருங்காட்சியகமாக மாற்றப்பட்ட பழைய கட்டடம் அன்று, இன்றும் திருப்பலி நடக்கும் பங்கு ஆலயம். அதனால் புறப்படும் முன் அன்றைய திருப்பலி நேரங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். வழிபட வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் வாரநாளில் போங்கள். இரண்டையும் ஒரே வருகையில் சேர்க்க முயல்பவர்கள் இரண்டையுமே அரைகுறையாகச் செய்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

கேள்வி: ஆலயத்தின் பெயரில் இருப்பவர் நம் சவேரியார்தானா?

அவரேதான். முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஊர் ஊராக நடந்த, 1552-இல் சீனாவின் வாசலில் ஒரு தீவில் இறந்த, கோவாவில் உடல் வைக்கப்பட்டிருக்கும் அதே புனித பிரான்சிஸ் சவேரியார்தான். அவர் அமெரிக்கக் கண்டத்தில் காலடி வைத்ததே இல்லை. அவர் பெயர் சோனோரா பாலைவனத்துக்கு வந்தது எவுசேபியோ பிரான்சிஸ்கோ கினோ என்னும் இயேசு சபைக் குருவின் வழியாக. வடஇத்தாலியின் மலைப்பகுதியில் 1645-இல் பிறந்த கினோ, இளமையில் கடும் நோயிலிருந்து பிழைத்தமைக்கு நன்றியாகத் தம் பெயரோடு பிரான்சிஸ்கோ என்பதைச் சேர்த்துக்கொண்டவர். சவேரியாரைப் போலவே கீழை நாடுகளுக்கு, குறிப்பாகச் சீனாவுக்குச் செல்ல வேண்டுமென்று ஏங்கியவர். பிலிப்பைன்ஸுக்கு ஒருவரும் மெக்சிகோவுக்கு ஒருவரும் போக வேண்டியிருந்தபோது சீட்டுக் குலுக்கிப் பார்த்ததில் அவருக்கு மெக்சிகோ விழுந்தது. சீனாவுக்குப் போக முடியாதவர் 1692-இல் இந்தச் சிற்றூருக்கு வந்து, தாம் போக விரும்பிய திசையில் போனவரின் பெயரை இதற்கு வைத்தார். பெயரின் பின்பகுதியான ‘பாக்’ என்பது ஸ்பானியச் சொல் அன்று. இங்குள்ள பழங்குடியினரான ஓதம் மக்கள் தங்கள் ஊரை ‘வாக்’ என்கிறார்கள், தண்ணீர் வெளிப்படும் இடம் என்று பொருள். மறைந்து ஓடும் சாந்தா குரூஸ் ஆறு முன்பு இங்கே தரைக்கு மேல் வந்தது.

கேள்வி: வலப்பக்கக் கோபுரம் மட்டும் ஏன் மொட்டையாக நிற்கிறது? இடிந்துவிட்டதா?

இடியவில்லை, கட்டி முடிக்கப்படவே இல்லை. கட்டி முடிக்காத ஆலயத்துக்கு வரி கிடையாது என்பதால் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்றும், வேலை செய்த ஒருவர் மேலிருந்து விழுந்து இறந்ததால் நிறுத்திவிட்டார்கள் என்றும் வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பணம் தீர்ந்துவிட்டது என்ற சாதாரணக் காரணமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நாம் இன்று பார்க்கும் கட்டடம் கினோ காலத்தது அன்று. 1767-இல் ஸ்பானிய மன்னர் இயேசு சபையினரைத் தம் ஆட்சிப் பகுதிகள் அனைத்திலிருந்தும் வெளியேற்றிய பிறகு பிரான்சிஸ்கன் சபையினர் இங்கே பொறுப்பேற்றார்கள். அவர்களில் ஹுவான் பாவுதிஸ்தா வெல்தெர்ராயின் என்பவர், மிஷன் நிலத்தில் இனி விளையப்போகும் கோதுமையை ஈடாகக் காட்டி ஒரு பண்ணையாரிடம் 7,000 பெசோ கடன் வாங்கி 1783-இல் வேலையைத் தொடங்கினார். விளையாத பயிரை நம்பித் தொடங்கிய கட்டடம் 14 ஆண்டுகள் நடந்து, தொடங்கியவர் மறைந்து, அடுத்து வந்தவரின் காலத்தில் 1797-இல் ஒரு கோபுரக் குறையோடு நின்றது. இதில் மர்மம் தேட வேண்டியதில்லை. வீடு கட்டிப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

கேள்வி: வெளியிலிருந்து படம் எடுக்க எந்த நேரம் சிறந்தது? நான் எடுக்கும் வெள்ளைக் கட்டடங்கள் ஒன்று சாம்பல் நிறமாக வருகின்றன, அல்லது வெளுத்துப் போகின்றன.

நேரத்தைவிட மாதம் முக்கியம் என்பதே என் பதில். ஆலயத்தின் முகப்பு தெற்கு நோக்கியிருக்கிறது. டூசான் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 32 டிகிரியில் இருப்பதால், டிசம்பரில் நண்பகல் சூரியன்கூடத் தெற்கு வானில் ஏறத்தாழ 35 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. அது தென்கிழக்கில் உதித்து, தெற்கே தாழ்வாக நகர்ந்து, தென்மேற்கில் மறைகிறது. அதாவது, காலை முதல் மாலை வரை முகப்பின் மீது வெயில் விழுந்துகொண்டே இருக்கும், அதுவும் கண்ணுக்கு இதமான சாய்ந்த வெயில். ஜூன் மாதத்திலோ சூரியன் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைவதால், நாம் ஆசையாகக் காத்திருக்கும் பொன்னிறப் பொழுதுகள் இரண்டிலும் முகப்பு நிழலில் இருக்கும். நண்பகலில் சூரியன் 81 டிகிரி உயரத்தில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நின்று புருவத்துக்குக் கீழெல்லாம் கறுப்பு நிழலைப் போடும். போதாக்குறைக்கு வெப்பம் 40 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். அக்டோபர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை போவதே நல்லது.

டிசம்பரிலும் எல்லா நேரமும் ஒன்று போல இருக்காது. இரு வெள்ளைக் கோபுரங்களுக்கு நடுவே மண் நிறத்தில் இருக்கும் வாயில் முகப்பு முழுவதும் மேலோட்டமான புடைப்புச் சிற்பங்களால் ஆனது: சிப்பிகள், கொடிகள், சுருள்கள், மாடங்களில் பெண் புனிதர்கள். நேர் எதிரே இருந்து வெயில் விழும் நண்பகலில் இவை தட்டையாகத் தெரியும். காலை முதல் இரண்டு மணி நேரத்திலோ மாலை கடைசி இரண்டு மணி நேரத்திலோ ஒளி பக்கவாட்டிலிருந்து உரசிக்கொண்டு வரும்போது ஒவ்வொரு சுருளும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். மாலையையே நான் விரும்புவேன், ஏனெனில் முழுமையான மேற்குக் கோபுரத்தின் பக்கச் சுவரும் அப்போது ஒளி பெறும்.

உங்கள் சாம்பல் நிறச் சிக்கலுக்கு வருகிறேன். கேமராவுக்கு வெள்ளை எது என்று தெரியாது; தன் முன் உள்ள காட்சி நடுத்தர வெளிச்சம் உடையது என்றே அது எடுத்துக்கொள்கிறது. படச்சட்டம் முழுவதும் வெள்ளைச் சுவர் நிறைந்திருந்தால் அதைக் குறைத்துச் சாம்பலாக்கிவிடும். அப்போது ஒளியளவுத் திருத்தத்தை முக்கால் முதல் ஒரு படி வரை கூட்ட வேண்டும். மாறாக, ஆழ்ந்த நீல வானமும் பழுப்புத் தரையும் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு கோபுரம் சிறிதாக இருந்தால், கேமரா அந்த இருட்டுக்காக ஒளியைக் கூட்டிச் சுவரை வெளுக்க வைத்துவிடும். அங்கே குறைக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று லென்ஸை மாற்றினாலே கூட்டல் கழித்தலாக மாறிவிடும் என்பதால், எடுத்த படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் ஹிஸ்டோகிராம் என்னும், படத்தின் ஒளியளவுகளைக் காட்டும் வரைபடம் வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று பாருங்கள். வெளுத்துப்போன சுண்ணாம்புப் பூச்சை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. சற்று இருண்டதை, ரா கோப்பாக (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்திருந்தால், பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று: அருகே நின்று கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் கோபுரங்கள் பின்பக்கமாக விழுவது போல வரும். முன்னே பெரிய வெட்டவெளி இருக்கிறது. பின்னால் நடந்து போங்கள். கேமராவை மட்டமாகப் பிடித்து, தேவையற்ற தரையைப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். ஆலயத்துக்குக் கிழக்கே உள்ள சிறு குன்றின் மீது ஏறினால், குவிமாடமும் கோபுரங்களும் பாலைவனமும் சேர்ந்து தெரியும். பெரும்பாலோர் ஏறாமல் திரும்பிவிடுகிறார்கள்.

கேள்வி: உள்ளே படம் எடுக்க விடுகிறார்களா? முக்காலி, ஃபிளாஷ் பயன்படுத்தலாமா?

திருப்பலியோ வேறு வழிபாடோ நடக்காத நேரத்தில் சொந்தப் பயன்பாட்டுக்காக எடுப்பதற்குத் தடை இல்லை. வணிக நோக்கில் எடுப்பதானால் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். முக்காலி கொண்டுபோக வேண்டாம் என்பது என் ஆலோசனை. நடைபாதை குறுகியது, முழந்தாளிட வருபவரின் வழியில் மூன்று கால்களை விரித்து வைப்பது நாகரிகம் அன்று. ஃபிளாஷ் கூடவே கூடாது. சட்டதிட்டங்களை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அது படத்தைக் கெடுக்கும் என்பதே போதுமான காரணம். இந்த ஆலயத்தின் உட்புறம் முழுவதும் ஒரு நாடக மேடை போல, ஒளியின் சாய்வை நம்பிச் செய்யப்பட்ட கண்கட்டு வேலை. பளிங்கு வாங்கப் பணமில்லாததால் மரத்திலும் சுண்ணாம்பிலும் பளிங்கின் வரிகளைத் தீட்டினார்கள். சுவரின் அடிப்பகுதியில் ஓடு பதித்தது போல வண்ணம் பூசினார்கள். ஒரு பக்கம் உண்மையான கதவு இருந்தால், சமச்சீர் கெடக்கூடாது என்று எதிர்ச் சுவரில் கதவையே வரைந்து வைத்தார்கள். நேர் எதிரே ஃபிளாஷ் அடித்தால் எல்லாம் வெறும் பெயின்ட் ஆகிவிடும்.

உயரத்திலுள்ள ஜன்னல்களிலிருந்து வரும் ஒளியே போதும். பெரிய கேமராவில் ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை, துளை எஃப் 4 அளவில், நொடியில் முப்பதில் ஒரு பங்கு என்று தொடங்குங்கள். முழங்கைகளை உடலோடு ஒட்டி, மூச்சை விட்டு முடித்த கணத்தில் அழுத்துங்கள். கைப்பேசியானால் அதை ஏதாவதொரு தூணோடு அணைத்துப் பிடித்தால் இரவுப் பாங்கு நன்றாக வேலை செய்யும். ஜன்னலின் நீல ஒளியும் விளக்குகளின் மஞ்சள் ஒளியும் கலந்திருப்பதால், வண்ணச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும். பகலொளிக்கு ஒரு முறை நிலைநிறுத்திவிட்டு அந்த மஞ்சள் சாயலை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பீடத்தின் பின்னே தரையிலிருந்து கூரை வரை எழும் அலங்காரச் சுவரை ஸ்பானிய மொழியில் ரெதாப்லோ என்பார்கள். செங்கல்லால் கட்டி, சாந்தால் செதுக்கி, பொன்தாளும் வெள்ளித்தாளும் ஒட்டியது அது. நடுமாடத்தில் சவேரியார், அவருக்கு மேலே அமலோற்பவ மாதா, உச்சியில் தந்தையாகிய கடவுள். எல்லோரும் அதை ஒரே சட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள். அஞ்சலட்டைகள் அந்த வேலையை முன்பே செய்துவிட்டன. முதல் முறை சென்றபோது நானும் அப்படித்தான் ஒரு மணி நேரத்தைச் செலவழித்துவிட்டு, வெளியே வந்த பிறகுதான் வரைந்த கதவைப் பார்க்கவே இல்லை என்று உணர்ந்தேன். கேமராவை உறையிலேயே வைத்துக் கால் மணி நேரம் உட்கார்ந்திருங்கள். கண் இருட்டுக்குப் பழகும்போது கூரை மூலைகளிலிருந்து தேவதூதர்கள் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள்.

கேள்வி: உள்ளே படுத்த நிலையில் உள்ள திருவுருவத்தின் தலையை மக்கள் தூக்குகிறார்களாமே? அதைப் படம் எடுக்கலாமா? அங்குள்ள பழங்குடி மக்களை எடுக்கலாமா?

பீடத்தை நோக்கி நின்றால் இடப்பக்கம் நீண்டிருக்கும் சிறகுப் பகுதியில் போர்வை போர்த்திய சவேரியார் திருவுருவம் கிடத்தப்பட்டுள்ளது. வருபவர்கள் அதன் தலைக்குக் கீழே கையைக் கொடுத்து மெல்லத் தூக்குகிறார்கள். மனத்தில் கள்ளம் உள்ளவருக்குத் தலை எழும்பாது என்பது நம்பிக்கை. போர்வையில் கை, கால், இதயம் என்று சிறு உலோக வடிவங்களைக் குத்தி வைக்கிறார்கள். நம்மூரில் உருக்காணிக்கை செலுத்துவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. மருத்துவமனைக் கைப்பட்டைகளையும் பிள்ளைகளின் படங்களையும்கூட அங்கே காணலாம். திருவுருவத்தை, அருகில் யாரும் இல்லாதபோது எடுங்கள். அதன் முன் நிற்பவரை எடுக்காதீர்கள். பின்னாலிருந்தும் வேண்டாம், தொலைநோக்கு லென்ஸாலும் வேண்டாம். யாரோ ஒருவரின் நோயும் வேண்டுதலும் நம் தொகுப்புக்கு அழகு சேர்க்க வேண்டியதில்லை.

மக்களைப் பொறுத்தவரை, நீங்கள் நிற்கும் நிலம் டோஹோனோ ஓதம் தேசத்தின் சான் ஹவியேர் பகுதி என்பதை நினைவில் வையுங்கள். வெளியே மரப்பந்தல்களின் கீழ் பொரித்த ரொட்டி விற்கும் பெண்களிடம் வாங்கிச் சாப்பிடுங்கள், பேசுங்கள், எடுக்கலாமா என்று கேளுங்கள். மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள். கல்லறைகள் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். ட்ரோனை வண்டியிலிருந்தே எடுக்காதீர்கள்; பழங்குடி நிலத்தின் மேல் பறக்கவிட அவர்களின் அனுமதி வேண்டும்.

கேள்வி: பழங்குடி மக்களை அடக்கி ஆண்டவர்கள் எழுப்பிய கட்டடத்தை அழகு என்று கொண்டாடுவது சரியா?

கேட்க வேண்டிய கேள்விதான். ஸ்பானிய மிஷன்கள் சமயம் பரப்புவதற்காக மட்டும் அமைந்தவை அல்ல. பேரரசின் எல்லையை நகர்த்தும் கருவிகளும்கூட. சிதறி வாழ்ந்த மக்களை ஆலயத்தைச் சுற்றி ஓரிடத்தில் குடியேற்றி, உழவும் மறைக்கல்வியும் கற்பித்தார்கள். அவர்களுடன் வந்த பெரியம்மையும் தட்டம்மையும், நெருங்கி வாழ்ந்த அந்தக் குடியிருப்புகளில் ஏராளமானோரைக் கொன்றன. 1751-இல் ஓதம் மக்கள் ஆயுதம் ஏந்தி எழுந்தார்கள். ஆலயத்தின் செங்கல்லைச் சுட்டதும், கல்லைச் சுமந்ததும், சுண்ணாம்பைக் குழைத்ததும் பெரும்பாலும் அந்த மக்களின் கைகள்தான். கணக்கில் பெயர் நிற்பதோ குருக்களுக்கும் கடன் கொடுத்தவருக்கும்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை என்பதால்தான் என்னால் எளிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. 1821-இல் ஸ்பானிய ஆட்சி போயிற்று. அதன் பிறகு சில ஆண்டுகளில் குருக்களும் போனார்கள். நிரந்தரக் குரு இல்லாமல் கிடந்த காலத்தில் ஆலயத்தின் திருப்பொருள்களைத் தங்கள் வீடுகளில் வைத்துக் காப்பாற்றியவர்கள் இந்த ஊர் மக்கள். 1854-இல் மெக்சிகோவிடமிருந்து அமெரிக்கா இந்த நிலத்தை விலைக்கு வாங்கியபோது, யாரும் அவர்களைக் கேட்காமலேயே அவர்கள் நாட்டின் குறுக்கே ஓர் எல்லைக்கோடு விழுந்தது. பிறர் வைத்த ‘பாபகோ’ என்ற பெயரை நீக்கித் தங்கள் சொந்தப் பெயரை அவர்கள் அதிகாரபூர்வமாக ஏற்றது 1986-இல்தான். கட்டியவர்களின் பேரரசு மறைந்துவிட்டது. கட்ட வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அதே ஆலயத்தில் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறார்கள். அழகைச் சொல்லும்போது அந்தக் கைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் படக்குறிப்பில் ‘ஸ்பானியர் கட்டிய’ என்பதற்குப் பதில் ‘ஓதம் மக்களின் உழைப்பில் எழுந்த’ என்று எழுதினால் அது கூடுதல் உண்மையாக இருக்கும்.

கேள்வி: பூச்சு வேலைக்குக் கள்ளிச்சாறு கலக்கிறார்களாமே, உண்மையா?

உண்மைதான். இருபதாம் நூற்றாண்டில் பழுதுபார்த்தவர்கள் நல்லெண்ணத்தோடு சிமென்ட் பூசினார்கள். பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் இயல்புடையவை. சிமென்ட் அந்த மூச்சை அடைத்துவிட, ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லைப் பொடித்தது, உள்ளே ஓவியங்களையும் உதிர வைத்தது. 1978-இல் தொடங்கப்பட்ட பத்ரொனாத்தோ சான் ஹவியேர் என்னும் அறக்கட்டளை, சிமென்ட்டைச் சுரண்டியெடுத்துவிட்டு, சப்பாத்திக்கள்ளியின் வழுவழுப்பான சாறு சேர்த்த சுண்ணாம்புச் சாந்தைப் பூசி வருகிறது. கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்த நம் கொத்தனார்கள் இதைக் கேட்டால் வியக்க மாட்டார்கள். 1992 முதல் 1997 வரை ஒரு பன்னாட்டு வல்லுநர் குழு உள் ஓவியங்களின் மீது படிந்திருந்த மெழுகுவர்த்திக் கரியையும் தூசியையும் அகற்றியது. அந்தப் பணியில் ஓதம் இளைஞர்களும் பயிற்சி பெற்றார்கள். வேலை ஓயாது நடப்பதால் நீங்கள் போகும் நாளில் ஏதாவதொரு பக்கத்தில் சாரம் கட்டியிருக்கலாம். அதையும் படத்தில் விடுங்கள்.

கேள்வி: முகப்பில் பூனையும் எலியும் இருப்பதாகப் படித்தேன். எங்கே பார்ப்பது?

வாயிலுக்கு மேலே இரு பக்கமும் உள்ள பெரிய சுருள்களின் மேல், ஒரு பக்கம் பூனை, மறு பக்கம் எலி. பூனை எலியைப் பிடிக்கும் நாளில் உலகம் முடியும் என்று ஊரில் சொல்வார்கள். 200 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் நன்றாகத் தெரியும்.

கேள்வி: அதே நாளில் வேறு மிஷன் ஆலயம் ஏதும் பார்க்க முடியுமா?

அதே சாலையில் மேலும் தெற்கே சென்று 29-ஆம் எண் வெளிவழியில் இறங்கினால் துமாககோரி. சுடாத மண்கல்லால் கட்டப்பட்டு, முடிக்கப்படாமலேயே 1848-இல் கைவிடப்பட்ட ஆலயம். இப்போது தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் உள்ளது, கட்டணம் உண்டு. மேற்பூச்சு உதிர்ந்து மண்சுவர் தெரிய நிற்கும் அந்த ஆலயத்தைக் காலையில் பார்த்துவிட்டு, மாலை வெயிலுக்குச் சான் ஹவியேர் வந்து சேருங்கள். டிசம்பரில் அங்கே ஐந்தரை மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதால், மூன்று மணிக்குள் முகப்பின் முன் நிற்கும்படி திட்டமிடுங்கள்.